குளிர்நீர் ஆற்றில் டிரௌட் மீன்பிடிப்பும் வழிகாட்டியின் பணியும்

இமாசலப் பிரதேசத்தின் குலு மாவட்டத்தில் தீர்த்தன் என்னும் சிற்றாறு ஒன்று உள்ளது. உயர்ந்த பனிமலைச் சரிவுகளில் தோன்றும் இவ்வாறு, மகா இமயமலைத் தேசியப் பூங்காவின் காடுகளினூடே இறங்கி, குஷைனி, பஞ்ஜார் ஆகிய ஊர்களின் பக்கமாகப் பாய்ந்து, லார்ஜிக்கு அருகில் பியாஸ் ஆற்றை அடைகிறது. ஆண்டுதோறும் மார்ச்சு முதல் அக்டோபர் முடிய, நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் தூண்டிற்காரர்கள் இங்கு வருகின்றனர். அவர்கள் நாடி வருவது டிரௌட் மீனை. அவர்களை ஆற்றுக்கு அழைத்துச் செல்பவர் அவ்வூரைச் சேர்ந்த வழிகாட்டி. விருந்தினரைத் தங்கவைக்கும் வீடுகளும், உணவு சமைத்துத் தரும் குடும்பங்களும் இதனால் பயன் பெறுகின்றன. இவ்வருவாய் முழுவதும் ஆற்றுநீரின் குளிர்ச்சி என்னும் ஒன்றையே நம்பி நிற்கிறது. வழிகாட்டியின் திறமை யாவும் அக்குளிர்ச்சியை அறிந்து போற்றுவதிலேயே அடங்கியுள்ளது எனலாம்.

மீன் வந்த வரலாறு

டிரௌட் இந்நாட்டு மீன் அன்று. 1899-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து காஷ்மீரத்திற்கு அனுப்பப்பட்ட பழுப்பு டிரௌட்டின் முட்டைகள் பயனின்றி அழிந்தன. 1900-இல் ஸ்காட்லாந்திலிருந்து வந்த முட்டைகளே உயிருடன் சேர்ந்து, ஸ்ரீநகருக்கு அண்மையிலுள்ள ஹார்வானில் பெருகின. அங்கிருந்து 1909-இல் குலுப் பள்ளத்தாக்கிற்கு முட்டைகள் கொண்டுவரப்பட்டன. தீர்த்தன் ஆற்றில் இன்று வாழும் பழுப்பு டிரௌட்டுகளின் முன்னோர் இவ்வழியில் வந்தவையே. பின்னர் வட அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட ரெயின்போ டிரௌட்டும் இமயமலைப் பண்ணைகளில் வளர்க்கப்படலாயிற்று. தெற்கே நீலகிரியில் பழுப்பு டிரௌட் நிலைபெறவில்லை. ரெயின்போ டிரௌட்டே அங்கு வேரூன்றியது. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இரு மீன்களாயினும், அவற்றிற்கு ஏற்ற நீர் முற்றிலும் ஒன்றன்று என்பதை இது காட்டுகிறது.

குளிர்ச்சி ஏன் வேண்டும்?

நீர் குளிர்ந்திருக்கும் அளவிற்கு அதில் பிராணவாயு மிகுதியாகக் கரையும். கடல்மட்டத்தில், 10 டிகிரி சென்டிகிரேடு வெப்பமுள்ள ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 11.3 மில்லிகிராம் பிராணவாயு கரைந்திருக்கக் கூடும். 20 டிகிரியில் இது 9.1 மில்லிகிராமாகக் குறைந்துவிடும். மலைப்பகுதியில் காற்றின் அழுத்தம் குறைவாதலால் இவ்வளவுகள் மேலும் குறையும். மற்றொரு புறம், நீர் சூடேறும்போது மீனின் உடல் இயக்கம் விரைவடைந்து, அதன் பிராணவாயுத் தேவை பெருகுகிறது. வரவு குறைந்து செலவு மிகும் குடும்பத்தின் நிலையே அப்போது டிரௌட்டின் நிலை. 20 டிகிரியை நெருங்கும்போது அது இரை தேடுவதைக் குறைத்துக்கொள்கிறது. 25 டிகிரி அளவில் நெடுநேரம் உயிர் வாழ்வது அரிது.

முட்டைக்கும் குளிர்ந்த தெளிநீர் இன்றியமையாதது. பெண்மீன் வாலால் கூழாங்கற்களை ஒதுக்கிப் பள்ளம் பறித்து முட்டையிட்டு, அவற்றைக் கற்களால் மூடிவிடுகிறது. பழுப்பு டிரௌட்டின் முட்டைகள் 10 டிகிரியில் ஏறத்தாழ 40 நாட்களிலும், 5 டிகிரியில் ஏறத்தாழ 80 நாட்களிலும் பொரிக்கும். அவ்வளவு காலமும் கற்களின் இடுக்குகள் வழியே நீர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். வண்டல் படிந்து இடுக்குகள் அடைபட்டால் முட்டைகள் மூச்சின்றி மடியும். பழுப்பு டிரௌட் குளிர்காலத்தின் தொடக்கத்திலும், ரெயின்போ டிரௌட் அதன் பிற்பகுதியிலும் முட்டையிடுவதால், இமாசலப் பிரதேசத்தில் நவம்பர் முதல் பிப்ரவரி முடிய டிரௌட் பிடிப்பதற்குத் தடை உள்ளது.

வழிகாட்டி ஆற்றைப் படிக்கும் முறை

மீன்வளத் துறையின் அனுமதிச்சீட்டுப் பெற்று ஆற்றை அடைந்ததும், தேர்ந்த வழிகாட்டி உடனே தூண்டிலை வீசச் செய்வதில்லை. சிறிது நேரம் நீரைப் பார்த்திருப்பார். டிரௌட் நீரோட்டத்தை எதிர்த்துத் தலைவைத்து நிற்கும் இயல்புடையது. விரைவான ஓட்டத்தில் நின்றால் வலிமை வீணாகும். தேங்கிய நீரில் நின்றால் இரை வந்து சேராது. ஆகவே பெரிய பாறையின் பின்புறத்திலோ, விரைந்த ஓட்டமும் மெதுவான ஓட்டமும் சந்திக்கும் விளிம்பிலோ அது இடம் பிடித்துக்கொள்ளும். மீனின் பார்வை மேல்நோக்கியும் ஓட்டத்தின் எதிர்முகமாகவும் இருப்பதால், வழிகாட்டி விருந்தினரைக் கீழ்ப்புறத்திலிருந்து, நிழல் நீரில் விழாதவாறு அழைத்துச் செல்வார்.

விருந்தினரின் பாதுகாப்பும் அவர் பொறுப்பே. தெளிந்த நீர் திடீரெனக் கலங்குவதும், சருகும் சுள்ளியும் மிதந்து வருவதும், கரையோரக் கற்கள் ஒவ்வொன்றாய் மூழ்குவதும், மேலே பெருமழை பெய்ததற்கு அறிகுறிகள். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு மேட்டில் ஏறிவிட வேண்டும். அணைக்குக் கீழுள்ள ஆறுகளில் இந்த அறிகுறிகளும் தோன்றாமற்போகலாம். 2014 ஜூன் 8-ஆம் நாள், லார்ஜி அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் பியாஸ் ஆற்றில் சுற்றுலா வந்திருந்த 24 கல்லூரி மாணவர்களை அடித்துச் சென்றது. உள்ளூர் அறிவுடையவர் ஒருவர் துணையின்றி மாணவர்களை ஆற்றில் இறக்கலாகாது என்பதை ஆசிரியர்கள் மறவாதிருத்தல் வேண்டும்.

பூச்சிகளும் செயற்கை ஈயும்

அடுத்து வழிகாட்டி ஆற்றிலுள்ள கல் ஒன்றைப் புரட்டிப் பார்ப்பார். அதன் அடிப்பாகத்தில் பூச்சிகளின் இளம் பருவங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். மேஃபிளை என்னும் பூச்சியின் இளம் உயிருக்குப் பெரும்பாலும் மூன்று வால்கள் உண்டு; ஸ்டோன்ஃபிளையின் இளம் உயிருக்கு இரண்டு வால்கள். கேடிஸ் என்னும் மற்றொன்றின் புழு, மணலையும் சிறு குச்சிகளையும் ஒட்டிக் கூடு அமைத்து அதனுள் வாழும். டிரௌட்டின் அன்றாட உணவு இவையே. எப்பூச்சி மிகுந்துள்ளதோ, அதன் உருவில் இறகும் நூலும் கொண்டு செய்த செயற்கை ஈயை வழிகாட்டி தேர்ந்தெடுத்துத் தருவார்.

இச்செயற்கை ஈ மிக இலேசானது. தனியே வீசினால் சில அடி தூரமும் செல்லாது. மற்றத் தூண்டில்களில் முனையிலுள்ள எடை நூலை இழுத்துச் செல்கிறது. ஈத்தூண்டிலிலோ கனமான நூலே முன்னும் பின்னும் வீசப்பட்டு, எடையற்ற ஈயைத் தன்னுடன் கொண்டுசெல்கிறது. அது நீர்மேல் மெல்ல இறங்கி, உண்மைப் பூச்சியைப் போல ஓட்டத்தோடு மிதந்து வந்தால்தான் மீன் ஏமாறும்.

பிடிப்பதும் விடுவதும்

அனுமதிச்சீட்டில் குறித்த அளவிற்கும் எண்ணிக்கைக்கும் உட்பட்டே மீனை எடுத்துக்கொள்ளலாம். பலர் பிடித்த மீனைத் திரும்ப நீரில் விட்டுவிடுகின்றனர். ஆயினும் விடப்பட்ட மீன் யாவும் பிழைத்துவிடும் என எண்ணுதல் தவறு. மீனின் உடலை மூடியுள்ள வழவழப்பான படலம் நோய்க்கிருமிகளைத் தடுக்கும் கவசம். உலர்ந்த கை பட்டால் அது உரிந்துபோகும். எனவே கையை நனைத்துக்கொண்டே மீனைத் தொட வேண்டும். எதிர்முள் இல்லாத தூண்டில்முள் எளிதில் கழலும். மீனை இயன்றவரை நீருக்குள் வைத்தே முள்ளை நீக்கி, ஓட்டத்திற்கு எதிர்முகமாகப் பிடித்து, அது தானாக நீந்திச் செல்லும் வரை காத்திருத்தல் நன்று. கோடைப் பிற்பகலில் நீர் 20 டிகிரியை எட்டிவிட்டால் தூண்டில் வீசாதிருப்பதே முறை. களைத்த மீன் இழந்த பிராணவாயுவை அந்நீரில் மீட்டுக்கொள்ள இயலாது.

நாட்டு மீன்களின் உரிமை

இமயமலை ஆறுகளுக்கே உரிய மீன்களுள் ஸ்கிஸோதொராக்ஸ் இனம் முதன்மையானது. இதனைப் பனி டிரௌட் என்று அழைப்பர். பெயரில் டிரௌட் இருந்தாலும் இது கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. பாறைகளில் படியும் பாசியைச் சுரண்டித் தின்பது. வெளியிலிருந்து வந்த பழுப்பு டிரௌட்டோ சிறு மீன்களையும் இரையாக்கிக்கொள்வது. உலகின் மிகக் கேடு விளைக்கும் அயல் உயிரினங்கள் நூறு எனத் தொகுக்கப்பட்ட பட்டியலில் பழுப்பு டிரௌட், ரெயின்போ டிரௌட் இரண்டும் இடம் பெற்றுள்ளன. நூறாண்டுகளுக்கு மேலாக ஓர் ஊருக்குச் சோறிடும் மீனை இன்று வேரோடு களைதல் இயலாது. ஆனால் டிரௌட் இல்லாத ஓடைகளில் அதன் குஞ்சுகளைக் கொண்டு விடாதிருத்தல் இயலும். தூண்டிலில் சிக்கிய நாட்டு மீனைத் தீங்கின்றி உடனே விடுவித்தலும் இயலும். வழிகாட்டி தன் விருந்தினருக்கு இவ்வேறுபாட்டை எடுத்துரைத்தால், அது பள்ளிப் பாடத்திற்கு நிகரான பயனைத் தரும்.

ஆற்றின் காவல்

தீர்த்தன் ஆற்றில் நீர்மின் திட்டங்களுக்கு இடமளிப்பதில்லை என மாநில அரசு முடிவு செய்துள்ளது. அதனால் ஆறு தடையின்றி ஓடுகிறது. எனினும் கரையோர மரங்களை வெட்டினால் நிழல் குறைந்து நீர் சூடேறும். மணலும் கல்லும் அள்ளினால் முட்டையிடும் பள்ளங்கள் அழியும். சாலைக்காக வெட்டிய மண்ணை ஆற்றில் தள்ளினால் வண்டல் படியும். விடுதிகளின் கழிவு கலந்தால் பிராணவாயு குறையும். இவற்றை முதலில் காண்பவர், நாள்தோறும் ஆற்றில் நிற்கும் வழிகாட்டியே.

ஆகவே களப்பணியாளர்கள் அவரைத் தங்கள் துணைவராகக் கொள்ளுதல் தகும். ஒரு வெப்பமானியும் ஒரு குறிப்பேடும் அவர் கையில் இருந்தால், காலையும் பிற்பகலும் நீரின் வெப்பத்தைக் குறித்து வருவது எளிது. ஆசிரியர்கள் ஆழமற்ற ஓரத்தில் மாணவர்களுடன் ஒரு கல்லைப் புரட்டி, அதன் அடியிலுள்ள உயிர்களை எண்ணி, கல்லை மீண்டும் அதன் இடத்தில் வைக்கலாம். ஸ்டோன்ஃபிளையின் இளம் உயிர்கள் இருந்தால் அந்நீர் குளிர்ந்தும் தூய்மையாகவும் உள்ளது என அறியலாம். முன்பு காணப்பட்ட இடத்தில் அவை அருகி வருமாயின், மீன் குறைவதற்கு முன்பே ஆறு தன் துன்பத்தை அறிவிக்கிறது என்று கொள்ள வேண்டும்.