தெளிந்த கசிவும் கலங்கிய கசிவும்

வங்கியில் இருந்த காலத்தில் கிணறு, குட்டை என்று எத்தனையோ கடன் விண்ணப்பங்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கரையை எப்படிப் போடுவீர்கள் என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. ஓய்வுக்குப் பிறகு, காங்கயம் பக்கம் என் தோட்டத்தில் பண்ணைக்குட்டை வெட்டினபோதுதான் அதற்கான விலை தெரிந்தது.

பொக்லைன் அள்ளிய மண்ணை, புல்லையும் வேரையும் எடுக்காமல், தரைமேலேயே கொட்டிக் கரை என்றார்கள். நானும் தலையாட்டினேன். அடுத்த ஐப்பசி மழையில் குட்டை நிறைந்தது. கரையடியில் விரல் தடிமனுக்குத் தண்ணீர் வந்தது. கீழ்த்தோட்டத்துப் பெரியவர் அதைக் கையில் ஏந்திப் பார்த்து, "ஏனுங்க, தண்ணி கலங்கலா வருதுங்க. உள்ளுக்குள்ள மண்ணு அரிக்குதுங்க" என்றார். நான் களிமண்ணை அப்பி அடைத்தேன். விடிவதற்குள் கரை போய்விட்டது. அவருடைய அரை ஏக்கர் மஞ்சளும் கூடவே போனது.

மண்கரை என்றால் கசியத்தான் செய்யும். தெளிந்த தண்ணீர் கசிந்தால் பயமில்லை. கலங்கி வந்தால் தண்ணீர் மண்ணையும் இழுத்து வருகிறது, உள்ளே குழாய்போல் ஓட்டை விழுகிறது என்று அர்த்தம். வெளிவாயை அடைத்தால் தண்ணீர் வேறு வழி தேடும். மணல், அதன்மேல் பொடி ஜல்லி, அதன்மேல் பெருஜல்லி பரப்ப வேண்டும். தண்ணீர் வெளியேறும், மண் நிற்கும். கூடவே குட்டையின் நீர்மட்டத்தையும் இறக்க வேண்டும்.

மறுபடி கட்டினபோது மேல்மண்ணை வழித்தோம். கரையின் நடுவில், அடியில், காடி தோண்டிக் களிமண் இட்டுக் கெட்டித்தோம். மண்ணை அரையடி அரையடியாகப் போட்டு, பிடித்தால் உருண்டை நிற்கும் ஈரத்தில் ரோலர் ஓட்டினோம். கரை மட்டத்துக்கு ஒன்றரை அடி கீழே, கெட்டித் தரையில் கலிங்கு வைத்தோம். சரிவில் வெட்டிவேர். கரைமேல் மரம் வேண்டாம். பட்டுப்போன வேர் மக்கினால் அதுவே தண்ணீருக்குப் பாதை.

மண்ணை நம்பலாமா என்று கேட்பவர்கள் பவானிசாகரைப் பார்க்கட்டும். 1955இல் முடிந்த அந்த அணையின் சுமார் 8 கிலோமீட்டர் நீளத்தில் பெரும்பகுதி மண்கரைதான். 105 அடித் தண்ணீரைத் தாங்குகிறது.

அங்கிருந்து 200 கிலோமீட்டர் ஓடி 2,07,000 ஏக்கருக்குப் பாயும் கீழ்பவானி வாய்க்காலும் மண் வாய்க்கால்தான். அதற்குக் கான்கிரீட் போடும் திட்டத்தில் நம் விவசாயிகளே இரண்டாகப் பிரிந்து நின்றோம். கடைமடைக்காரர்களின் தவிப்பு நியாயமானது. ஆனால் அந்தத் தெளிந்த கசிவில்தான் கரையோரக் கிணறுகள் ஊறுகின்றன. உடையும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. பலவீனமான இடத்தைக் கண்டுபிடித்து மண்ணாலேயே கெட்டிப்படுத்துவதுதான் முதல் வேலை.

ஆகஸ்ட் 15 வாக்கில் தண்ணீர் திறப்பார்கள். அதற்கு முன் அவரவர் பகுதிக் கரையை நடந்து பாருங்கள். எலிவளை, நண்டுவளை, உள்வாங்கிய இடங்களைக் குறித்துக் கொடுங்கள். திறந்தபின் இன்னொருமுறை நடந்து, கசியும் தண்ணீரைக் கையில் ஏந்திப் பாருங்கள்.

பெரியவரின் மஞ்சளுக்குப் பணம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். இப்போதெல்லாம் மழை விட்டதும் இருவரும் சேர்ந்தே கரையைச் சுற்றி வருகிறோம்.