பருந்தின் எச்சம் கூறும் செய்தி

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதிகளில் கோழி இறைச்சிக் கடைகளின் பின்புறமும் குப்பை மேடுகளின் மேலும் கரும்பருந்துகள் வட்டமிடுவதைக் காணலாம். எலி, செத்த மீன், இறைச்சிக் கழிவு ஆகியவற்றைத் தின்னும் இப்பறவையின் எச்சத்தைப் பரிசோதித்தால், அது இரை தேடிய இடத்தின் நலத்தை ஓரளவு அறியலாம். அதற்கு உதவுபவை ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர்கள்.

ஈஸ்ட்டும் பறவையும்

ஈஸ்ட் என்பது ஒற்றைச் செல் பூஞ்சாணம். கள் புளிப்பதும் ரொட்டி உப்புவதும் இதனால்தான். பறவைகளின் குடலிலும் பலவகை ஈஸ்ட்டுகள் வாழ்கின்றன. நலமுள்ள பறவைக்கு இவற்றால் பொதுவாகத் தீங்கில்லை. ஆனால் கேண்டிடா இனத்தின் சில வகைகள், நோயால் தளர்ந்த மனிதரின் இரத்தத்தில் புகுந்தால் உயிருக்கே ஆபத்தாகும்.

மனித உடலின் வெப்பம் 37 டிகிரி செல்சியஸ். பறவைகளுக்கோ சுமார் 40 முதல் 42 டிகிரி. எனவே பருந்தின் குடலில் தழைக்கும் ஈஸ்ட்டுக்கு மனித உடலின் சூடு ஒரு தடையன்று. மேலும், பல இடங்களில் இரை தேடுவதால் பல இடத்து ஈஸ்ட்டுகளும் பருந்திடம் வந்து சேருகின்றன. இத்தாலியில் காட்டு வேட்டைப் பறவைகளிடமிருந்து கேண்டிடா வகைகள் பிரித்தெடுக்கப்பட்டுள்ளன. மலேசியாவில் ஊர்ப்புறப் பறவைகளின் எச்சத்தில், பல மருந்துகளுக்கு அடங்காத ஈஸ்ட்டுகள் இருப்பதாக 2010இல் ஆய்வாளர்கள் தெரிவித்தனர்.

வயலுக்கு என்ன தொடர்பு?

நெல்லில் இலையுறைக் கருகலுக்குத் தெளிக்கும் ஹெக்சகோனசோல், புரோபிகோனசோல் ஆகியவை 'அசோல்' குடும்பத்தைச் சேர்ந்தவை. மருத்துவமனைகளில் பூஞ்சாண நோய்க்குத் தரப்படும் ஃபுளுகோனசோலும் அதே குடும்பம். இவை அனைத்தும் பூஞ்சாணத்தின் செல் சவ்வுக்குத் தேவையான எர்கோஸ்டிரால் உருவாவதைத் தடுக்கின்றன. ஆகவே வயலில் ஒரு மருந்துக்குப் பழகிவிட்ட ஈஸ்ட், நோயாளியின் உடலில் மற்றொன்றுக்கும் அடங்காமல் போகக்கூடும்.

2009இல் ஜப்பானில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட கேண்டிடா ஆரிஸ், பல மருந்துகளுக்கு அடங்காத கொடிய ஈஸ்ட். இது அந்தமான் கடற்கரையிலும் உப்புச் சதுப்பிலும் இருப்பதை டெல்லிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்டனர். வட இந்தியாவில் சேமித்து வைத்த ஆப்பிள்களின் மேலும் இதைக் கண்டதாக 2022இல் அறிவித்தனர்.

பறவை தரும் எச்சரிக்கையைக் காலந்தாழ்த்தி உணர்ந்ததன் விளைவையும் நாடு கண்டுள்ளது. 1990களில் பிணந்தின்னிக் கழுகுகள் பெருமளவில் மடிந்தன. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் மருந்தே காரணம் என்பது 2004இல்தான் தெளிவாயிற்று. 2006இல் அம்மருந்தைக் கால்நடைகளுக்கெனத் தயாரிப்பதை இந்தியா தடை செய்தது.

விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

1. நோய் தென்பட்ட பின்னரே, பரிந்துரைத்த அளவில் மட்டும் பூஞ்சாணக்கொல்லி தெளிக்க வேண்டும்.

2. அசோல் மருந்தையே திரும்பத் திரும்பத் தெளிக்காமல், வேலிடாமைசின் போன்ற வேறு பிரிவு மருந்துகளை மாற்றிப் பயன்படுத்த வேண்டும்.

3. ஒரு கிலோ நெல் விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலந்து விதை நேர்த்தி செய்யலாம். தழைச்சத்தை அளவோடு இட்டால் இலையுறைக் கருகல் குறையும்.

4. தெளிப்பானை ஏரியிலோ கால்வாயிலோ கழுவக் கூடாது.

5. இறந்த கோழிகளையும் இறைச்சிக் கழிவையும் திறந்த வெளியில் எறியாமல் ஆழக் குழி வெட்டிப் புதைக்க வேண்டும்.

பருந்தைக் கண்டு அஞ்சவோ அதை விரட்டவோ தேவையில்லை. எலிகளைப் பிடித்தும் கழிவுகளைத் தின்றும் அது நன்மையே செய்கிறது. அதன் இரையைத் தூய்மையாக வைத்திருப்பது மனிதரின் பொறுப்பு.