மின்னஞ்சல் என்னும் சரக்கு வண்டி

சென்ற ஆண்டு என் மூத்த அண்ணா திருச்சியில் காலமானார். 15 ஆண்டுகளாக அவர் எனக்கு அனுப்பிய 400 சொச்சம் மின்னஞ்சல்களில் குடும்பத்துப் பழைய புகைப்படங்களும், அவற்றில் இருப்பவர் யார் யார் என்ற விவரமும் இருந்தன. வருஷாப்திகத்துக்குள் அவற்றைத் திரட்டிப் புத்தகமாக்க ஆசைப்பட்டேன். ஒவ்வொன்றாகத் திறந்து எடுக்கக் கண்ணும் கையும் ஒத்துழைக்கவில்லை. "பைத்தானில் பத்து வரி எழுதினால் போதும் தாத்தா" என்றான் பேரன். பைத்தான் என்பது ஒரு கணினி மொழி. டிப்ளமா படித்த காலத்தில் கணினியையே பாராத நானும் துணிந்தேன்.

ஆதியில் மின்னஞ்சல் ஆங்கில எழுத்துகளை மட்டுமே சுமந்தது. படம், ஒலி, பிறமொழி எழுத்துகளையும் ஏற்றிச் செல்ல 1992-இல் நதானியேல் போரன்ஸ்டைன், நெட் ஃபிரீட் இருவரும் 'மைம்' என்ற விதிமுறையை வகுத்தார்கள். அதன்படி மின்னஞ்சல் ஒரு சரக்கு வண்டி. கடிதம் ஒரு வேகன், படம் ஒரு வேகன். நடுவே 'பவுண்டரி' என்ற எல்லைக்கோடு. கடைசி எல்லைக்கோட்டின் முடிவில் மட்டும் கூடுதலாக இரண்டு சிறு கோடுகள் இருக்கும். கடைசிப் பெட்டியில் மாட்டும் எல்.வி. பலகை போல, வண்டி முழுதாக வந்தது என்பதற்கு அது அத்தாட்சி.

சரக்கைக் கட்டும் முறைகளுள் ஒன்று 'பேஸ் 64'. மூன்று பைட்டுகளை நான்கு எழுத்துகளாக்கும். யூ.டி.எஃப்-8 முறையில் நம் 'அ' மூன்று பைட்டு. கட்டியபின் '4கே6எஃப்' என்றாகிவிடும். பிரிக்காமல் பார்த்தால் அண்ணாவின் தமிழ் இப்படித்தான் தெரியும்!

முதல் முறை நிரலை ஓட்டியதும் படங்கள் வந்து குவிந்தன. ஆனால் அப்பா பிளாட்பாரத்தில் நிற்கும் படத்தைக் காணோம். அவருக்கு இருந்த ஒரே படம் அது. விசாரித்ததில் என் தவறு புரிந்தது. அதை அண்ணா கடிதத்துக்குள்ளேயே ஒட்டி அனுப்பியிருந்தார். அப்படி ஒட்டிய படமும் கடிதமும் சேர்ந்து, பெட்டிக்குள் பெட்டியாக அமைந்துவிடுகின்றன. நான் வெளிப்பெட்டிகளை மட்டும் எண்ணியிருந்தேன்.

இதற்குப் பைத்தானில் 'வாக்' என்ற வசதி உண்டு. யார்டில் டி.எக்ஸ்.ஆர். சுத்தியலால் சக்கரங்களைத் தட்டிக்கொண்டே நடப்பாரே, அதுபோல வரிசையாகச் செல்லும். பெட்டிக்குள் பெட்டி இருந்தால் உள்ளேயும் நுழைந்து வரும். ஒவ்வொரு பகுதியிலும் செய்யவேண்டியவை மூன்று:

1. 'மல்ட்டிபார்ட்' என்றால் அது வெறும் பெட்டி, தாண்டிவிடலாம்.
2. படம் என்றால் கட்டைப் பிரித்து (டீகோட் செய்து) கோப்பாகச் சேமிக்க வேண்டும்.
3. பெயருக்கு முன் வரிசை எண் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே பெயருள்ள படங்களில் பின்னது முன்னதை அழித்துவிடும். கடிதத்துள் ஒட்டிய படத்துக்குப் பெயரே இல்லாமலும் போகலாம்.

மறுபடி ஓட்டினேன். அப்பா வந்துவிட்டார், கையில் பச்சைக் கொடியுடன்.

அன்பர்களே, உங்கள் வீட்டுப் பெரியவர்களின் கடிதங்களும் இப்படி எங்கோ ஒரு சைடிங்கில் நிற்கக்கூடும். பழைய கணினியை எடைக்குப் போடுமுன் இறக்கிக்கொள்ளுங்கள். இறக்கியபின், நினைவிலுள்ள ஒரு படத்தையாவது தேடிப் பாருங்கள். எண்ணிக்கை நிறைய வந்துவிட்டதாலேயே எல்லாம் வந்துவிட்டது என்று நம்பவேண்டாம்.