பழைய காரும் பாலிஷும்



"வண்டி கிழடாயிருச்சு, பெயிண்ட் போயிருச்சு, புதுசா அடிச்சிர வேண்டியதுதான்" என்று பலர் சொல்லக் கேட்டிருப்போம். உண்மையில் பல வண்டிகளில் பெயிண்ட் போயிருக்காது. மேல்தோல் மட்டும் செத்திருக்கும். அதை எடுத்துவிட்டால் அடியில் நல்ல நிறம் இருக்கும். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர், ஒர்க்ஷாப்பில் பெயிண்டராக வேலை பார்க்கும் என் அப்பா.

ஏன் மங்குகிறது?

வெயிலின் புற ஊதாக் கதிர்களும் காற்றின் ஆக்ஸிஜனும் பெயிண்டிலுள்ள ரெசினைச் சிதைக்கின்றன. பிடிப்பு போனதும் நிறப்பொடி தனியாக மேலே நிற்கும். விரலால் தேய்த்தால் சாக்பீஸ் தூள் மாதிரி ஒட்டும். பரப்பு சொரசொரப்பானதால் ஒளி நாலா பக்கமும் சிதறுகிறது. அதனால்தான் கறுப்பு வண்டி சாம்பலாகத் தெரிகிறது. பாலிஷில் உள்ள மிக நுண்ணிய தேய்ப்புத் துகள்கள் இந்தச் செத்த தோலைச் சீவிப் பரப்பை வழவழப்பாக்குகின்றன. ஆக, பாலிஷ் எதையும் பூசுவதில்லை, எடுக்கிறது! பூசிக் காப்பது வாக்ஸ். ரப்பிங் காம்பவுண்ட் முரட்டுத்தனமாகச் சீவும். பாலிஷ் மென்மையாகச் சீவும்.

செய்முறை

1. வண்டியை நன்றாகக் கழுவி, நிழலில் ஆற விடவும். சூடான தகட்டில் பாலிஷ் உடனே காய்ந்துவிடும்.

2. கண்ணில் படாத இடத்தில் வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்க்கவும். துணியில் வண்டியின் நிறம் வந்தால் அது பழைய முறைப் பெயிண்ட். வராவிட்டால் மேலே கிளியர் கோட் இருக்கலாம். கிளியர் கோட் உரிந்துபோயிருந்தால் பாலிஷால் பயனில்லை.

3. விளிம்புகளிலும் ரப்பர் பீடிங்கிலும் மாஸ்கிங் டேப் ஒட்டவும்.

4. இரண்டு அடிக்கு இரண்டு அடியாகப் பிரித்து, மென்மையான துணியில் கொஞ்சமாகப் பாலிஷ் எடுத்துச் சீராகத் தேய்க்கவும். உடனே வேறு துணியால் துடைக்கவும். கீழே விழுந்த துணியைத் தொடவே கூடாது; ஒரு மணல் போதும், கோடு விழும்.

5. பளபளப்பு வந்ததும் நிறுத்தவும். பிறகு வாக்ஸ் பூசவும்.

நான் செய்த தப்பு

போன லீவில் ஒரு கறுப்பு அம்பாசிடர் வந்தது. 2014-இல் உற்பத்தி நின்ற வண்டி என்பதால் சொந்தக்காரருக்கு அதன்மேல் உயிர். "ஓரத்துல அழுத்தாதடா, அங்க பெயிண்ட் மெலிசா இருக்கும்" என்றார் அப்பா. டிப்ளமோ படிக்கிற எனக்கா தெரியாது என்று, டேப்பும் ஒட்டாமல் பானெட் ஓரத்தில் இன்னும் பளபளப்பு வரட்டும் என அழுத்தித் தேய்த்தேன். திடீரென்று பிரைமர் தெரிந்தது. பானெட்டுக்குத் திரும்பப் பெயிண்ட் அடிக்க அப்பாவின் நான்கு நாள் கூலி போனது. அவர் என்னைத் திட்டவே இல்லை. "இனிமே கேளு" என்றார், அவ்வளவுதான்.

பிறகு யோசித்தேன். ஈரப் பெயிண்ட் பரப்பு இழுவிசையால் கூர்மையான ஓரத்தை விட்டு உள்ளே விலகும். அதனால் ஓரத்தில் படலம் மெலிந்துவிடுகிறது. காரின் மொத்தப் பெயிண்டே ஏறக்குறைய 100 மைக்ரான், அதாவது ஒரு தலைமுடிப் பருமன். நம் லேப் மைக்ரோமீட்டரின் மீச்சிற்றளவு 0.01 மி.மீ., அதாவது 10 மைக்ரான். அதில் பத்துக் கோடுதான் மொத்தப் பெயிண்டும்! மைக்ரோமீட்டரைத் தொட்டே பார்க்காத அப்பாவின் விரலுக்கு அது தெரிந்திருக்கிறது.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். "ஏன்" என்பதைக் கல்லூரி சொல்லித் தருகிறது. "எங்கே நிறுத்தணும்" என்பதை அப்பாவிடம்தான் கற்றேன். நண்பர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு கைத்தொழில்காரர் இருப்பார். இந்த லீவில் அவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள்.

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை