கணக்கில் தெரியும் காதல்

செல்வந்தரின் மகளும் வேலையிழந்த செய்தியாளனும் வழியில் சந்தித்து, ஓயாமல் சண்டையிட்டு, முடிவில் இணையும் கதையைப் பல படங்களில் கண்டு பழகிய இன்றைய பார்வையாளருக்கு, 1934 பிப்ரவரியில் வெளிவந்த 'இட் ஹாப்பன்டு ஒன் நைட்' என்னும் அமெரிக்கப் படம் முன்பே பார்த்ததுபோலத் தோன்றலாம். பின்வந்த எண்ணற்ற படங்கள் இதனிடமிருந்தே கற்றுக்கொண்டன என்பதே அதற்குக் காரணம். சாமுவேல் ஹாப்கின்ஸ் ஆடம்ஸ் எழுதிய 'நைட் பஸ்' என்ற சிறுகதையைத் தழுவி ராபர்ட் ரிஸ்கின் திரைக்கதை அமைக்க, பிராங்க் காப்ரா இயக்கிய இப்படம், சிறந்த படம், இயக்குநர், நடிகர், நடிகை, திரைக்கதை ஆகிய ஐந்து ஆஸ்கர் விருதுகளையும் ஒருசேர வென்ற முதல் படமாகும். அந்தச் சிறப்பைப் பின்னர் எட்டியவை 1975, 1991 ஆகிய ஆண்டுகளில் வெளியான இரு படங்கள் மட்டுமே.

இதனைத் திரைப்பட வரலாற்றாசிரியர்கள் 'ஸ்க்ரூபால் காமெடி' என்ற வகையில் சேர்க்கின்றனர். வெவ்வேறு வர்க்கத்தைச் சேர்ந்த ஆணும் பெண்ணும் விரைவான சொற்போரின் ஊடாக நெருங்குவதும், பெண் அறிவாலும் துணிவாலும் ஆணுக்கு ஈடாக நிற்பதும் இவ்வகையின் இயல்புகள். வங்கிகள் மூடப்பட்டு, கோடிக்கணக்கானோர் வேலையிழந்திருந்த பெருமந்தக் காலத்தில் இது தழைத்தது தற்செயலன்று. செல்வர் வீட்டுப் பெண் சாதாரண மக்களோடு ஒரே பேருந்தில் இடிபட்டுச் செல்வதைக் காண்பதில் அன்றைய மக்களுக்குத் தனி நிறைவு இருந்தது. அதே பேருந்தில் ஒரு தாய் பசியால் மயங்கிச் சாயும் காட்சி, சிரிப்புக்கு நடுவிலும் காலத்தின் துயரைப் படம் மறக்கவில்லை என்பதை உணர்த்துகிறது.

தந்தையின் விருப்பத்துக்கு மாறாக மணந்துகொண்டவனிடம் சேர மயாமியிலிருந்து நியூயார்க்குக்குத் தப்பிச் செல்லும் எல்லியாகக் கிளாடெட் கோல்பெர்ட்டும், அவளுக்குத் துணையாகும் செய்தியாளன் பீட்டராகக் கிளார்க் கேபிளும் நடித்துள்ளனர். கையில் எஞ்சிய சில டாலர்களில் அவள் சாக்லேட் பெட்டி வாங்க முனைய, அவன் தடுத்துப் பணத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்வதிலிருந்தே அவர்களின் உறவு சிக்கனத்தின் வழியே வளரத் தொடங்குகிறது. இருவரும் ஒரே அறையில் தங்க நேரும்போது நடுவே கயிறு கட்டிப் போர்வையைத் தொங்கவிடும் பீட்டர், விவிலியத்தில் எக்காள ஒலியால் இடிந்து விழுந்த எரிகோ நகர மதிலின் பெயரை அதற்குச் சூட்டுகிறான். காதல் எப்போது கனியும் என்பதைப் பார்வையாளர் அந்தத் துணியை வைத்தே அளந்துகொள்கிறார். அருவருப்போடு முதலில் மறுத்த பச்சைக் கேரட்டைப் பின்னர் எல்லி தானாக எடுத்துக் கடிப்பதும், பீட்டரின் கட்டைவிரல் சைகைக்கு நிற்காத வண்டி அவள் பாவாடையைச் சற்று உயர்த்தியதும் நிற்பதும், அவளது மாற்றத்தையும் தன்னம்பிக்கையையும் வசனமின்றியே கூறுகின்றன.

படத்தின் உச்சம் ஒரு செலவுக் கணக்கில் அமைந்திருப்பது வியப்புக்குரியது. மகளைக் கண்டுபிடிப்பவருக்குத் தந்தை அறிவித்த 10,000 டாலர் பரிசை ஏறிட்டும் பாராத பீட்டர், பயணத்துக்காகத் தான் செலவிட்ட காசுக்கும் விற்ற பொருள்களுக்கும் ஈடாக 39 டாலர் 60 சென்ட் மட்டும் கேட்கிறான். தனக்கு உரியதை விடாமல் கேட்பதும் உரிமையில்லாததைத் தொடாமல் இருப்பதும் ஆகிய அந்த நேர்மையைக் கண்ட தந்தை, முன்பு மணந்துகொண்டவனோடு ஊரறிய நடக்கும் திருமணச் சடங்குக்கு மகளை அழைத்துச் செல்லும்போதே அதை அவள் காதில் சொல்ல, அவள் மணமேடையை விட்டு ஓடுகிறாள்.

இக்கதையின் சாயலில் சென்னை ஏவிஎம் நிறுவனம் 1956இல் ராஜ் கபூர், நர்கிஸ் நடிப்பில் 'சோரி சோரி' என்னும் இந்திப் படத்தைத் தயாரித்தது, கதை எல்லை கடந்து வேரூன்றியதற்குச் சான்று. முதன்முறை பார்ப்பவர் முடிவை எளிதில் ஊகித்துவிடுவார். ஆயினும் இருவரும் உணவையும் காசையும் அறையையும் எவ்வாறு பகிர்ந்துகொள்கிறார்கள் என்பதைக் கவனித்தால், காதல் என்பது இல்லாமையிலும் ஒருவரை ஒருவர் மதித்து நடக்கும் பண்பு என்று இப்படம் நிறுவுவது புலப்படும். தொண்ணூறு ஆண்டுகள் கடந்தும் அது பழையதாகாமல் இருப்பதற்கு அந்த மதிப்பே காரணம்.