தொண்டையில் ஒளியும் மற்றொரு கிருமி

காலேஜில் படிக்கும் பிள்ளைக்குத் தொண்டை வலி என்றால் வீட்டில் ஒருவரும் திடுக்கிடுவதில்லை. பாட்டியார் மிளகுக் கஷாயம் வைக்கிறார். தாயார் உப்பிட்ட வெந்நீரைக் கொடுத்துக் கொப்புளிக்கச் சொல்கிறார். பெரும்பாலும் அதுவே போதும். டான்ஸில் வீக்கத்திற்கு முக்கிய காரணமான வைரஸ்கள் சில நாட்களில் தாமாகவே விடைபெற்றுக் கொள்கின்றன.

பாக்டீரியாவினால் வரும் வீக்கம் அப்படியல்ல. இவற்றுள் 'ஏ' பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸின் கீர்த்தி பிரசித்தம். அதை அலட்சியம் செய்தால், பின்னால் கீல்வாத ஜுரம் கண்டு இருதய வால்வுகள் கெட்டுப் போகலாம். ஆனால் அந்த ஜுரம் பெரும்பாலும் 5 முதல் 15 வயது வரையுள்ள சிறுவர் சிறுமியரையே பற்றுகிறது.

யௌவனப் பருவத்தினரின் தொண்டையை நாடும் வேறொரு கிருமி உண்டு. 'ஃப்யூஸோபாக்டீரியம் நெக்ரோஃபோரம்' என்பது அதன் நாமதேயம். (தொண்டை வலியுடன் இதை உச்சரிக்க முயல வேண்டாம்!) பிராணவாயு இதற்கு ஆகாது. ஆகையால் காற்றுப்படும் சாதாரணக் கிருமி வளர்ப்புப் பரிசோதனையில் இது முளைப்பதில்லை. ஸ்ட்ரெப்டோகாக்கஸைத் தேடும் துரிதப் பரிசோதனையிலும் அகப்படுவதில்லை. நோயாளி எச்சில் விழுங்க முடியாமல் தவிக்கையில், "கிருமி இல்லை" என்று சீட்டு வந்து விடுகிறது!

அமெரிக்காவில் அலபாமா மாகாணத்தில் டாக்டர் ராபர்ட் சென்டரும் அவருடைய சகாக்களும் செய்த ஆராய்ச்சி 2015-ல் வெளியாயிற்று. தொண்டை நோயுடன் வந்த, 15 முதல் 30 வயது வரையுள்ள 312 பேரைச் சோதித்ததில், நூற்றுக்குச் சுமார் 20 பேரிடம் இக்கிருமி இருந்தது; 'ஏ' ஸ்ட்ரெப்டோகாக்கஸோ சுமார் 10 பேரிடந்தான். நோயில்லாத வாலிபர்களிலும் நூற்றுக்கு 9 பேரிடம் இது காணப்பட்டது. ஆகவே, தொண்டையில் இருப்பதனாலேயே இதைச் சத்துரு என்று முடிவு கட்டுவதற்கில்லை.

சத்துருவாகி விட்டாலோ, விபரீதந்தான். கழுத்திலுள்ள பெரிய ரத்தக் குழாயில் புகுந்து ரத்தத்தை உறையச் செய்கிறது. உறைந்த துணுக்குகள் கிருமிகளுடன் நுரையீரலுக்குச் சென்று சீழ் பிடிக்கின்றன. பாரிஸ் வைத்தியர் ஆந்த்ரே லெமியேர் 1936-ல் இவ்வியாதியை விவரித்தார். அவர் எழுதிய 20 நோயாளிகளில் 18 பேர் மாண்டனர். அது பென்ஸிலின் புழக்கத்துக்கு வராத காலம். இன்று இது அபூர்வம். ஆயினும் அற்றுப் போகவில்லை. நாலைந்து நாளாகியும் வலி தணியாமல், உடலை உலுக்கும் குளிர் நடுக்கமும், கழுத்தில் ஒரு பக்கம் மட்டும் வீக்கமும் கண்டால், அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

நம்மவர் செய்வதோ, மருந்துக் கடையில் சீட்டில்லாமல் மூன்று அஸித்ரோமைஸின் மாத்திரை வாங்குவது! இக்கிருமியிடம் அம்மருந்து பெரும்பாலும் பலிப்பதில்லை, பென்ஸிலின் பலிக்கும். அதனால் அந்த இனத்தைச் சேர்ந்த அமாக்ஸிஸிலினைத் தாமே வாங்கி விழுங்கலாமா என்றால், அதுவும் கூடாது. இதே வயதினருக்கு எப்ஸ்டைன்-பார் என்னும் வைரஸினாலும் டான்ஸில் இப்படியே வீங்குவதுண்டு. அப்போது அமாக்ஸிஸிலின் சாப்பிட்டால், வலி குறையாததோடு தேகமெங்கும் சிவந்த தடிப்புக் கிளம்பக் கூடும்.