பல்லிழைத் தொகுப்பும் மென்பொருள் ஆக்க நேரமும்

ஒருவர் செய்யும் வினையைப் பலர் பகிர்ந்து செய்யின் அது விரைவில் முற்றுப்பெறும் என்பது யாவரும் அறிந்ததே. ஆயினும், பதின்மர் கூடினால் பத்திலொரு பங்கு நேரத்தில் வினை முடிந்துவிடும் என்று கொள்ளுதல் பொருந்தாது. வீடு கட்டுமிடத்தில் நான்கு சுவர்களை நான்கு கொத்தர் ஒரே வேளையில் எழுப்பலாம். சுவர் எழுமுன் கூரை வேய்தல் எவர்க்கும் இயலாது. கணினிக்கான மென்பொருளை ஆக்குமிடத்தும் இவ்வுண்மையே ஆட்சி செலுத்துகின்றது.

மனிதர் எழுதும் செய்நிரலைக் கணினி நேரே உணர்ந்துகொள்வதில்லை. அதனைப் பொறிமொழிக்கு மாற்றித் தரும் கருவியே தொகுப்பி எனப்படும். 1952 ஆம் ஆண்டில் கிறேஸ் ஹொப்பர் அம்மையார் உருவாக்கிய ஏ-0 என்னும் முறை இத்துறையின் முன்னோடியாகும். 1957 இல் ஜோன் பக்கசின் தலைமையில் ஐ.பி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட போட்ரான் தொகுப்பி, உயர்நிலை மொழிகளின் பயனை உலகுக்கு உணர்த்திற்று. மூலக் கோப்புகளைத் தொகுத்து, பிறந்த பகுதிகளை ஒன்றாக இணைத்து, இயங்கத்தக்க மென்பொருளைப் பெறும் வரையிலான முழுவினைக்கும் ஆகும் காலத்தையே ஆக்க நேரம் என்கின்றோம்.

இந்நேரம் நீளின் யாது கேடு? செய்நிரலர் ஒரு வரியைத் திருத்தியதும் அதன் விளைவைக் காண விழைவர். விளைவு சில செக்கன்களில் கிடைப்பின் சிந்தனை தொடர்ந்து ஓடும். அரைமணி நேரம் காத்திருக்க நேரின் சிந்தனை அறுபடும். காத்திருப்புக்கு அஞ்சிப் பல திருத்தங்களை ஒன்றாகக் குவித்துச் சோதிப்போர், பிழை எத்திருத்தத்தால் நேர்ந்தது என்பதை அறியாது இடர்ப்படுவர். ஆகவே ஆக்க நேரம் வெறும் வசதி பற்றியதன்று. மென்பொருளின் தரத்தோடும் தொடர்புடையது.

1976 ஆம் ஆண்டில் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஸ்ருவேட் பெல்ட்மன், மேக் என்னும் கருவியை ஆக்கினார். எக்கோப்பு எதனைச் சார்ந்துள்ளது என்பதை ஒரு பட்டியலாக எழுதிவைத்தால், மாற்றமுற்றவற்றையும் அவற்றைச் சார்ந்தவற்றையும் மட்டும் அது மீண்டும் தொகுக்கும். அச்சார்புப் பட்டியல் பிறிதொரு நன்மையையும் நல்கிற்று. ஒன்றையொன்று சாராத இரு கோப்புகளை ஒரே வேளையில் தொகுப்பதில் தடையில்லை என்பது அப்பட்டியலிலிருந்தே பெறப்படுமன்றோ? குனூ மேக்கில் உள்ள ஜே என்னும் தெரிவு இதனையே செய்கின்றது. எத்தனை வினைகள் ஒருங்கே நிகழலாம் என்பதை அத்தெரிவோடு ஓர் எண்ணால் குறிக்கலாம்.

கணினிப் பொறிகளின் வளர்ச்சியும் இம்முறைக்குத் துணைநின்றது. வெப்பம் மிகுதலால் ஒரு கருவின் வேகத்தை மேன்மேலும் உயர்த்துதல் அரிதாகவே, ஒரே சில்லில் பல கருக்களை அமைக்கும் வழக்கம் தோன்றியது. 2001 இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் பவர்-4 சில்லு இரு கருக்களோடு வந்தது. 2005 இல் இன்ரெல், ஏ.எம்.டி. ஆகிய இரு நிறுவனங்களும் மேசைக் கணினிகளுக்கும் அத்தகைய சில்லுகளை வழங்கின.

கருக்கள் பெருகப் பெருக ஆக்க நேரம் எவ்வளவு குறையும்? 1967 ஆம் ஆண்டில் ஜீன் அம்டால் கூறிய கருத்து இதற்கு விடை தருகின்றது. ஒரு மென்பொருளை ஒரே கருவால் ஆக்குவதற்கு 600 செக்கன் செல்லுமெனக் கொள்க. அவற்றுள் 540 செக்கன் பகிர்ந்து செய்யத்தக்க தொகுப்பு வேலை. எஞ்சிய 60 செக்கன் இறுதி இணைப்பு முதலிய, ஒன்றன்பின் ஒன்றாகவே செய்யவேண்டிய வேலை. நான்கு கருக்கள் இருப்பின் 195 செக்கனும், எட்டு இருப்பின் 127.5 செக்கனும், பதினாறு இருப்பின் ஏறக்குறைய 94 செக்கனும் ஆகும். பதினாறு மடங்கு வலுவுக்கு ஆறு மடங்கினும் சற்று மிகுந்த வேகமே கிடைக்கின்றது. எண்ணற்ற கருக்களைச் சேர்ப்பினும் அறுபது செக்கனுக்குக் கீழே நேரம் இறங்காது.

மேற்காட்டிய கணக்கு, வேலை சமமாகப் பங்கிடப்படும் என்னும் எடுகோளின்மேல் அமைந்தது. உண்மையில் கோப்புகள் யாவும் ஒரே அளவின அல்ல. 540 செக்கனுள் ஒரு கோப்பு மட்டும் 90 செக்கனை உண்ணுமாயின், எட்டுக் கருக்கள் இருந்தும் மொத்த நேரம் 150 செக்கனுக்குக் குறையாது. அக்கோப்பை எல்லாவற்றுக்கும் இறுதியிலே தொடங்கினால், ஏழு கருக்கள் வாளாவிருக்க ஒன்று மட்டும் உழைத்து, நேரம் ஏறத்தாழ 206 செக்கனாக நீளும். எனவே கருக்களின் தொகையைப் போலவே வேலையின் ஒழுங்கும் இன்றியமையாதது.

இதுவரை கூறியது, தொகுப்பியைப் பல தனித்தனி முறைவழிகளாக இயக்குதல் பற்றியதாகும். பல்லிழைத் தொகுப்பு எனச் சிறப்பித்துச் சொல்லத்தக்கது, ஒரே தொகுப்பி தன்னகத்தே பல இழைகளை ஓட்டி ஒரே நினைவகத்தைப் பகிர்ந்து உழைப்பதாகும். பெரிய கோப்பொன்று ஏனையவற்றைக் காக்கவைக்கும் குறைக்கு இதுவே மருந்து. 2017 இல் வெளிவந்த கோ மொழியின் 1.9 ஆம் பதிப்பு, ஒரு பொதியினுள் அடங்கிய செயற்கூறுகளைப் பல கருக்களில் ஒருங்கே தொகுக்கும் ஆற்றலைப் பெற்றது. றஸ்ற் மொழியின் தொகுப்பி ஒரு பொதியைப் பல குறிமுறை அலகுகளாகப் பிரித்துப் பொறிமொழியாக்குகின்றது. ஆயினும் இழைகள் யாவும் பொதுவான அட்டவணைகளை நோக்கவும் திருத்தவும் வேண்டியிருத்தலால், ஓரிழை எழுதுங்கால் மற்றையது காத்துநிற்க நேரும். இக்காத்திருப்பு மிகுமிடத்துப் பகிர்வின் பயன் தேய்ந்துபோகும்.

அறுபது செக்கனாக எஞ்சிய பகுதியையும் அறிஞர் விட்டுவைக்கவில்லை. பல இழைகளால் இணைப்பு வேலையைச் செய்யும் மோல்ட் என்னும் இணைப்பியை றுயி உவேயாமா ஆக்கினார். அதன் முதற் பதிப்பு 2021 இல் வெளிவந்தது. ஒருகாலத்தில் பகிரவியலாதது எனக் கருதப்பட்ட வேலை, முறையை மாற்றியமைத்தபோது பகிரத்தக்கதாயிற்று. அம்டால் காட்டிய எல்லை பொய்க்கவில்லை, எல்லைக்கல்தான் நகர்ந்தது.

இவ்வேகத்துக்கு விலையும் உண்டு. ஒருங்கே இயங்கும் ஒவ்வொரு தொகுப்பு வேலைக்கும் நினைவகம் வேண்டும். அளவு மீறி வேலைகளைத் தொடங்கினால் நினைவகம் நிரம்பி, கணினி தட்டுக்கும் நினைவகத்துக்கும் இடையே தரவுகளை மாற்றிமாற்றி இடுவதிலேயே காலத்தைக் கழிக்கும். அன்றியும், செய்நிரலைப் பல துண்டுகளாக்கித் தொகுக்குமிடத்து, ஒரு துண்டிலுள்ளதை மற்றொன்றோடு சேர்த்து நோக்கிச் செப்பஞ்செய்யும் வாய்ப்புக் குன்றும். றஸ்ற் மொழியில் இறுதி வெளியீட்டுக்கு இயல்பாக அமைந்த அலகுகள் 16 ஆகும். அதனை ஒன்றாகக் குறைத்தால் ஆக்க நேரம் நீளக்கூடும். பிறக்கும் மென்பொருளோ விரைந்து இயங்கக்கூடும். ஆக்குவோரின் நேரமா, பயன்படுத்துவோரின் நேரமா என்னும் வினா இங்கே எழுகின்றது. நாடோறும் செய்யும் சோதனைக்கு முன்னதையும், இறுதி வெளியீட்டுக்குப் பின்னதையும் பேணுதல் தக்கதாம்.

எல்லாவற்றினும் பெரிய இடர் சார்புப் பட்டியலின் குறையால் நேர்வது. ஒரு கோப்புக்கு வேண்டிய தலைக்கோப்பைப் பிறிதொரு வேலை பிறப்பிக்கின்றது. ஆனால் அத்தொடர்பு பட்டியலில் எழுதப்படவில்லை எனக் கொள்க. வரிசையாக ஆக்கும்போது தற்செயலான ஒழுங்கு அக்குறையை மறைத்துவிடும். பல வேலைகள் ஒருங்கே ஓடும்போதோ, பாதி எழுதப்பட்ட தலைக்கோப்பையோ பழைய தலைக்கோப்பையோ தொகுப்பி படித்துவிடலாம். ஒருநாள் செம்மையாக அமைந்தது மறுநாள் பிழைபடும். சிலவேளை பிழை வெளித்தோன்றாமலே மென்பொருளினுள் புகுந்துவிடும். பீற்றர் மில்லர் 1998 இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், பட்டியலைத் துண்டுதுண்டாகச் சிதைத்து மேக்கைப் பன்முறை அழைக்கும் வழக்கமே இத்தகைய குறைகளுக்குக் காரணம் என எடுத்துக்காட்டி, முழுமையான சார்புப் படமொன்றின் தேவையை வலியுறுத்தினார்.

இவற்றை நோக்குமிடத்து, பல்லிழைத் தொகுப்பு ஆக்க நேரத்தைப் பெரிதும் குறைக்கும் என்பதும், அக்குறைப்புக்கு எல்லைகள் உள என்பதும் தெளிவாகும். பகிரவியலாத வேலையின் அளவு, மிகப் பெரிய கோப்பின் நீளம், நினைவகத்தின் கொள்ளளவு ஆகிய மூன்றையும் அளந்தறியாது கருக்களை மட்டும் பெருக்குதல் பொருளை வீணே செலவிடுவதாகும். எது எதனைச் சார்ந்தது என்பதைப் பிழையறப் பதிந்துவைத்தவரே, செய்யும் வேலையைப் பலருக்குப் பகிர்ந்தளித்து அதன் பயனை அச்சமின்றிப் பெறவல்லவர்.